மேலேயும் வேலிச் சண்டை

பூவரசங் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டால் பக்கத்து வீட்டோட மூன்று தலைமுறைக்குக் கதை பேச்சில்லை. இப்ப ஆகாயத்திலயும் அதே கூத்து.

இங்கிலாந்தில இருக்கிற மச்சான் கிளைடர் ஓட்டுறவர். எஞ்சின் இல்லை, வெயிலுக்கு எழும்புற சூட்டுக் காற்றைப் பிடிச்சுத்தான் மேல போகவேணும். 2020 இல ஃபார்ன்பரோ விமான நிலையத்தைச் சுற்றிக் கட்டுப்பாட்டு வான்வெளியை, அதாவது அனுமதி கேளாமல் நுழையேலாத ஆகாயத்தை, விரிச்ச நாளிலிருந்து வாட்ஸ்அப்பில எனக்கு ஒப்பாரி. அங்க வாறது பெரும்பாலும் காசுக்காரரின்ர ஜெட். அதுகளுக்கு வழிவிட்டு இவையள் எல்லாரும் ஒரு ஒடுங்கின சந்துக்குள்ள நெருக்குப்படவேணும். ரேடியோவில அனுமதி கேட்டால் 'பொறுங்கோ' எண்டுவினமாம். எஞ்சின் இல்லாததை எங்க நிப்பாட்டி வச்சுப் பொறுக்கிறது? இறங்கி ஆரோ ஒருத்தரின்ர வயலுக்குள்ள குந்தவேண்டியதுதான்.

என்ர கதை அதைவிட மோசம். திருகோணமலைச் சீனன்குடாவில, விமானப்படை ஓடுபாதைக்குக் கிட்டக் குடியிருக்கிறன். பெடியனுக்கு வாங்கின ட்ரோன் அலுமாரிக்கு மேல, பல்லி முட்டையோட கிடக்கு. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்போட நாடு முழுக்கத் தடை போட்டாங்கள். பிறகும் பதிவு, அனுமதி எண்டு இழுபறி. ஓடுபாதைக்குப் பக்கத்தில விடக்கூடாது, சரி, அதில எனக்கு வழக்கில்லை. நிலாவெளிக் கடற்கரையில விடலாமோ எண்டு கேட்டால் ஒருத்தர் மற்றவரைக் காட்டுறார், மற்றவர் கொழும்பைக் காட்டுறார்.

நேற்றுப் பெடியன் பட்டத்துக்கு ஈர்க்குச் சீவிக்கொண்டிருந்தான். விமான நிலையத்துக்குக் கிட்ட அதுக்கும் கட்டுப்பாடு எண்டு நான் இன்னும் வாய் திறக்கேல்லை.