யாரிடம் கற்றோம் என்று சொன்னது குற்றமா?

சனிக்கிழமை மேடையில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். நேரில் இல்லாதவர்களுக்கும் அந்தக் காணொளி இந்நேரம் வந்து சேர்ந்திருக்கும். அதனால் முழுக் கதையையும் திரும்ப எழுதப்போவதில்லை. எங்கள் புதிய குழுவை அறிமுகம் செய்தபோது, நாங்கள் யார் யாரைக் கேட்டு வளர்ந்தோம் என்று ஒரு பட்டியலை அறிவிப்பாளர் படித்தார். நாங்கள் எங்கள் பாட்டுகளை வாசித்து முடித்ததும் வாழ்த்துவதற்காக மேடைக்கு வந்த மூத்த கலைஞர் அந்தத் தாளைக் கையில் வாங்கிக்கொண்டார். "இத்தனை பெரியவர்களைச் சொல்லியிருக்கிறீர்களே, இவர்களில் ஒருவராவது உங்கள் வாசிப்பில் தெரிந்தாரா?" என்றார். அரங்கம் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்ததையும் சொன்னார்: "ஆசைக்கு வாசிப்பவர்கள் வீட்டிலேயே வாசித்துக்கொள்ளலாமே, குழு எதற்கு?"

அவர் பெயரை எழுத மாட்டேன். நீங்களும் எழுத வேண்டாம். அவர் வாசிப்பின் மேல் எனக்கு இருந்த மரியாதை இன்றும் அப்படியே இருக்கிறது. அந்த இரண்டு வாக்கியங்களோடுதான் எனக்கு வழக்கு. அவற்றைக் கேட்டுக் கைதட்டியவர்களோடும்தான்.

முதலில் பட்டியல். நாங்கள் யாரிடம் கற்றோம் என்று சொன்னது நன்றிக்காக. அவர்களுக்கு நிகராக வாசிப்போம் என்று அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை. இளையராஜா 1986இல் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பை வெளியிட்டபோது அதைத் தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாகுக்கும் காணிக்கையாக்கினார். அந்த பாக், வைமரில் வேலை பார்த்த காலத்தில் இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் கான்செர்டோக்களை (தனி வாத்தியமும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகளை) எடுத்து ஆர்கனுக்கும் ஹார்ப்சிகார்டுக்கும் மாற்றி எழுதியவர். நம் முத்துசுவாமி தீட்சிதர் மேற்கத்திய மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று நாம் இன்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அவற்றைத்தான். 'சந்ததம் பாஹிமாம்' பாடலின் மெட்டு இங்கிலாந்து மன்னருக்கான வாழ்த்துப்பாட்டின் மெட்டு. இவர்கள் எல்லாரும் எங்கிருந்து எடுத்தார்கள் என்பது வெளிச்சத்தில் இருக்கிறது. மேதைகள் சொன்னால் அடக்கம், எங்களைப் போன்றவர்கள் சொன்னால் ஆணவம் என்றால், அந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை.

அடுத்து, "ஒருவராவது தெரிந்தாரா?" என்ற கேள்வி. இசையில் ஒருவரின் பாதிப்பு என்றால் அவரைப் போலவே ஒலிப்பது என்று நினைப்பவர்தான் இப்படிக் கேட்க முடியும். எங்கள் கிதார் தம்பி, பிளாக் சப்பாத் என்ற ராக் குழுவின் கிதார் கலைஞர் டோனி அயோமியின் பெயரைச் சொல்லியிருந்தான். அயோமி பர்மிங்காமில் ஓர் ஆலையில் வேலை செய்தபோது, 17 வயதில், வலது கையின் இரண்டு விரல்களின் நுனியை இயந்திரத்தில் இழந்தார். அவர் இடது கைக்காரர். கம்பியை அழுத்த வேண்டிய விரல்களே போய்விட்டன. கிதார் இனி இல்லை என்று உட்கார்ந்திருந்தவரிடம் ஆலையின் மேற்பார்வையாளர் ஓர் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். வாசித்தவர் ஜாஸ் கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928இல் தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் செயலிழந்த பிறகும் வாசித்தவர். அயோமி பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்களுக்குத் தொப்பி செய்துகொண்டார், மெல்லிய கம்பிகளைத் தேடிப் பிடித்தார், 1970இல் பிளாக் சப்பாத்தின் முதல் இசைத்தட்டு வந்தது. இப்போது ஜாங்கோவின் ஜாஸையும் அயோமியின் இரும்பு இடிப்பையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஜாங்கோ எங்காவது 'தெரிகிறாரா'? ஒரு சுரத்தில்கூடத் தெரிய மாட்டார். ஆனால் ஜாங்கோ இல்லையென்றால் அயோமி இல்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பட்டியலில் எல்லாரையும் அதிகம் சிரிக்க வைத்தது நான் கொடுத்த பெயர்தான்.

நான் பேஸ் கிதார் வாசிக்கிறேன். பாட்டின் அடியில் ஓடும் கீழ்ச்சுரங்களை வாசிக்கும் தடித்த கம்பிக் கிதார் அது. சின்ன வயதில் இப்படி ஒரு வாத்தியம் இருப்பதே எனக்குத் தெரியாது. பாட்டு என்றால் பாடகர் குரல், மிஞ்சிப்போனால் வயலின், புல்லாங்குழல். பெரியப்பா மகன் ஒருநாள் டேப் ரெக்கார்டரில் இளையராஜாவின் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, "பாடுகிறவரை விட்டுவிடு. அடியில் இன்னொருவர் பாடிக்கொண்டு போகிறார், அவரைப் பிடி" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் என் கையைப் பிடித்து ஸ்பீக்கரின் வலைமேல் வைத்தார். காதுக்கு வருவதற்கு முன் அது விரல் நுனிக்கு வந்தது. பேஸ் கிதாரின் மிகத் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 41 முறை, அதிர்கிறது. அந்த மாதிரிச் சின்னப் பெட்டிகள் அவ்வளவு கீழே இறங்காது என்று பின்னாளில்தான் படித்தேன். என் காதுக்கு அது எளிதில் பிடிபடாமல் போனதில் வியப்பில்லை. மேலே ஒரு மெட்டு போகும்போது கீழே இன்னொரு மெட்டு அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே வரும் என்று தெரிந்த அன்றிலிருந்து நான் ஒரு பாட்டையும் பழைய மாதிரி கேட்டதில்லை.

அந்த நூலைப் பிடித்துக்கொண்டுதான் பீட்டில்ஸ் குழுவில் பேஸ் வாசித்த பால் மெக்கார்ட்னியிடம் போனேன். அவர் யாரிடம் கற்றார் என்று தேடியபோது ஜேம்ஸ் ஜேமர்சன் கிடைத்தார். அமெரிக்காவில் டெட்ராய்ட்டின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்துக்காக எத்தனையோ வெற்றிப் பாடல்களுக்கு பேஸ் வாசித்தவர். வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வாசித்தவர். ஆண்டுக்கணக்கில் அவர் பெயர் இசைத்தட்டு உறையில் வரவில்லை. 1971இல் பாடகர் மார்வின் கேயின் இசைத்தட்டில்தான் அச்சானது. உலகமே அவர் விரலுக்கு ஆடியது, யார் விரல் என்று யாருக்கும் தெரியாது.

சனிக்கிழமை அறிவிப்பாளர் அந்தப் பெயரைத் தடுமாறி உச்சரித்தபோதுதான் முதல் சிரிப்பு கிளம்பியது. "யார் இவர்?" என்று முன்வரிசையில் ஒருவர் சத்தமாகவே கேட்டார். அதற்காகத்தான் ஐயா அந்தப் பெயரை எழுதிக் கொடுத்தேன். ஆண்டுக்கணக்கில் பெயர் போடப்படாதவருடைய பெயர், எங்கோ ஒரு சிறிய அரங்கில், அவரை ஒருநாளும் பார்த்திராத ஒருவன் வாயிலாக ஒருமுறை சொல்லப்படட்டும் என்றுதான். என்னை அவருக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வதற்காக அல்ல. நன்றி சொன்னேன். மறுபடியும் சொல்கிறேன், நன்றி சொன்னேன்.

இதற்கு வரும் பதில்கள் எனக்குத் தெரியும். "மூத்தவர், உரிமையோடு நாலு வார்த்தை சொன்னார், இதைப் போய்ப் பெரிதாக்கலாமா?" உரிமையோடு சொல்பவர் பக்கத்தில் கூப்பிட்டுச் சொல்வார். ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தின் சிரிப்புக்காக நிறுத்தி நிறுத்திச் சொல்ல மாட்டார்.

"மேடை ஏறினால் விமர்சனம் வரத்தான் செய்யும்." வரட்டும். சுருதி விலகியதா? எந்தப் பாட்டில், எந்த இடத்தில்? தாளம் ஓடியதா? சொல்லுங்கள், குறித்துக்கொள்கிறோம். அவருடைய காது எங்களுக்கு எவ்வளவு பயன்பட்டிருக்கும்! அந்த இரண்டு வாக்கியங்களில் எங்கள் வாசிப்பைப் பற்றி ஒரு தகவலாவது இருக்கிறதா என்று காணொளியை மறுபடி பாருங்கள்.

"சொந்தப் பாட்டு ஒன்றுதானே, மற்றதெல்லாம் அடுத்தவர் பாட்டு." இது ஓரளவு நியாயமான பேச்சு. ஆனாலும் 1963இல் வந்த பீட்டில்ஸின் முதல் இசைத்தட்டில் இருந்த 14 பாடல்களில் 6 மற்றவர்களுடையவை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பேசினால் நல்லது. உடனே "உங்களை பீட்டில்ஸோடு ஒப்பிடுகிறீர்களா?" என்று கேட்பார்கள். பாருங்கள், ஒரு பெயரைச் சொல்ல விடமாட்டேன் என்கிறார்கள்! வாயைத் திறந்து எந்தப் பெரியவரின் பெயரைச் சொன்னாலும் ஒப்பீடு என்றால், நாங்கள் எதைப் பற்றித்தான் பேசுவது?

சரி, இரண்டாவது வாக்கியம். வீட்டிலேயே வாசித்துக்கொள்ளலாமே. எனக்கு அதிகம் வலித்தது இதுதான். பட்டியலைப் பற்றிய கேலியை ஒரு வாரத்தில் மறந்திருப்பேன்.

பேஸ் கிதாரை வீட்டில் தனியாக வாசித்துப் பாருங்கள். எத்தனையோ ஆண்டுகள் நான் அப்படித்தான் வாசித்தேன். வேலை முடிந்து வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, பதிவுசெய்த பாட்டோடு சேர்ந்து. பாட்டு எனக்காக ஒரு நொடி நிற்காது. நான் பிந்தினாலும் அது போய்க்கொண்டே இருக்கும், நான் முந்தினாலும் அதற்குத் தெரியாது. பேஸ் என்பது இன்னொருவரின் கால் டிரம்ஸின் பெரிய முரசை மிதிக்கும் அதே நொடியில் உன் விரல் கம்பியைத் தொடுவது. இரண்டும் ஒன்றாக விழுந்தால் கேட்பவருக்கு ஓர் ஒலிதான் கேட்கும். அந்த ஒரே ஒலியை உண்டாக்க இரண்டு மனிதர்கள் வேண்டும். வீட்டில் ஒருவன்தானே இருக்கிறான் ஐயா?

குழு கூடிய முதல் நாளில் இதெல்லாம் எளிதாக இல்லை. எங்கள் பாடகி கர்நாடக இசை பயின்றவர், அவர் பாடும் சுருதி ஐந்தரைக் கட்டை. கிதார் தம்பி ஈ மேஜர் என்ற சுருதியிலேயே வளர்ந்தவன். திறந்த கம்பிகள், அதாவது விரல் அழுத்தாத கம்பிகள், முழங்காவிட்டால் அவனுக்குக் கை ஓடாது. ஐந்தரைக் கட்டை என்றால் ஜி ஷார்ப். அங்கே திறந்த கம்பி ஒன்றும் உதவாது. அக்கா இறங்கி வர மாட்டார், தம்பி ஏறிப் போக மாட்டான். கீபோர்டு நண்பர் பொத்தானை அழுத்திச் சுருதியை மாற்றிவிட்டு இருவரையும் வேடிக்கை பார்த்தார். கடைசியில் தம்பி கிதாரின் நாலாவது கட்டத்தில் காப்போவை, எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கிளிப்பை, மாட்டினான். பழைய விரல் பிடிகள் அப்படியே இருந்தன, சுருதி மட்டும் அக்காவிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. பாடகி முதல் அடியைப் பாடிவிட்டு அவன் பக்கம் திரும்பிப் பார்த்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த அடிக்குப் போனோம். அன்று அந்த அறையில் ஐந்து பேர் இருந்தோம், ஐந்து பேருக்குள்ளும் வேறு வேறு ஆசான்கள் இருந்தார்கள். அந்தப் பட்டியலே அப்படிப் பிறந்ததுதான். உனக்கு யார், எனக்கு யார் என்று ஒத்திகை இடைவேளையில் சொல்லிக்கொண்டதை ஒரு தாளில் எழுதினோம்.

ஆசைக்கு வாசிப்பவர்களுக்குக் குழு எதற்கு என்றால், 1957 ஜூலை 6 அன்று லிவர்பூலின் வூல்டன் தேவாலயத் திருவிழாவில் வாசித்த, பின்னால் பீட்டில்ஸாக வளர்ந்த குவாரிமென் குழு யார்? அதைத் தொடங்கிய ஜான் லெனனுக்கு 16 வயது. அன்றுதான் 15 வயது மெக்கார்ட்னி அவரைச் சந்தித்தார். ஸ்கிஃபிள் என்ற எளிய இசை பரவியிருந்த அந்தக் காலத்தில் பையன்கள் துணி துவைக்கும் பலகையை உரசித் தாளம் போட்டார்கள், தேயிலைப் பெட்டியில் கம்பு நட்டுக் கயிறு கட்டி பேஸ் என்றார்கள். தொழில்முறைக் கலைஞர் யாராவது அன்று வந்து "வீட்டுக்குப் போங்கள்" என்று சொல்லியிருந்தால்?

இல்லை, இந்த உதாரணத்தை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பின்னால் உலகப் புகழ் பெற்றதால் அவர்களுக்கு அந்த உரிமை வந்தது என்று ஆகிவிடும். புகழே வராமல் போயிருந்தாலும் அவர்களுக்கு அந்த மேடையில் நிற்க உரிமை உண்டு என்பதுதான் நான் சொல்வது. ரஷ்ய இசையமைப்பாளர் போரோதின் வேதியியல் பேராசிரியர். ஆய்வுக்கூடத்துக்கும் வகுப்புக்கும் போக மிஞ்சிய நேரத்தில் இசை எழுதினார். 1887இல் இறந்தபோது அவருடைய ஓபரா முடியாமல் கிடந்தது. சக இசையமைப்பாளர்கள் ரிம்ஸ்கி-கோர்சகோவும் கிளாசுனோவும் உட்கார்ந்து அதை முடித்துக் கொடுத்தார்கள். அமெரிக்க இசையமைப்பாளர் சார்லஸ் ஐவ்ஸ் காப்பீட்டுத் தொழில் செய்துகொண்டே இசை எழுதினார். வயிற்றுப்பாட்டுக்கு ஒரு வேலையும் மனதுக்கு ஒரு வேலையும் வைத்துக்கொண்டவர்கள் இந்த உலகில் எங்களுக்கு முன்பும் இருந்தார்கள், எங்களுக்குப் பின்பும் இருப்பார்கள். இசையால் பிழைப்பவர்களுக்குத்தான் இசை சொந்தம் என்று யார் எழுதிக் கொடுத்தது?

"இவ்வளவு தொட்டாற்சிணுங்கியாக இருந்தால் எப்படி மேடை ஏறுவீர்கள்?" என்று ஒரு நண்பர் நேற்றிரவு கேட்டார். அக்கறையோடுதான் கேட்டார். எனக்கு வயது ஆகிவிட்டது, என்னால் தாங்க முடியும் நண்பரே. நான் இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணம் எங்கள் டிரம்ஸ் தம்பி. குழுவிலேயே சின்னவன் அவன்தான். அந்தப் பட்டியலுக்கு ஒரே ஒரு பெயர் கொடுத்திருந்தான், தன் பள்ளி பேண்டு ஆசிரியருடைய பெயர். அத்தனை பெரியவர்களுக்கு நடுவில் அது பொருந்துமா என்று தயங்கித் தயங்கித்தான் கொடுத்தான். அரங்கு சிரித்தபோது அவன் குச்சிகளைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதற்குப் பிறகு குழுவில் யார் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. "வேலை இருக்கிறது அண்ணா" என்று ஒரு செய்தி மட்டும் அனுப்பினான்.

அவன் ஆசிரியரின் பெயரைச் சேர்த்துத்தான் அந்தச் சிரிப்பு. அவர்களுக்கு அது தெரியாது. தெரியாமல் சிரித்தார்கள் என்பதாலேயே அதை விட்டுவிடச் சொல்கிறார்கள். என்னால் முடியவில்லை.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை வழக்கமான நேரத்தில்தான். உன் குச்சிகளை எடுத்துக்கொண்டு வா. சொந்தப் பாட்டின் இடையிசையை முதலில் எடுப்போம். தாளம் தட்டும் மெட்ரோனோமை 72இல் வைத்துக்கொள்ளலாம். நீயும் நானும் மட்டும், மற்றவர்கள் வருவதற்கு முன்.