ஸ்டிக்ஸ் நேரமுத்திரையில் +05:30 செல்லாது

ஸ்டிக்ஸ் 2.1 (இணையத் தாக்குதல் தகவல்களைப் பகிர்வதற்கான தரநிலை வடிவம்) கோப்பில் நேரத்தை இந்திய நேரமாகவே +05:30 சேர்த்து எழுதலாம், இணையத்தில் தேதி, நேரம் எழுதும் முறையை வகுக்கும் ஆர்எஃப்சி 3339 அதை அனுமதிக்கிறது என்று மேலே ஒரு கருத்து வந்திருக்கிறது. ஆர்எஃப்சி பற்றிச் சொன்னது சரி. ஆனால் ஸ்டிக்ஸ் அதைவிடக் கண்டிப்பானது: நேரம் யுடிசியில்தான் (உலகப் பொது நேரம்) இருக்க வேண்டும், கடைசியில் 'இசட்' எழுத்து கட்டாயம். மாலை 3:30 மணி இந்தியாவில் என்றால் கோப்பில் 10:00 என்று பதிவாக வேண்டும். ஐந்தரை மணி நேரத்தைக் கழிக்காமல் இசட்டை மட்டும் ஒட்டிவிடாதீர்கள், தயவுசெய்து. சரிபார்ப்பில் தேறிவிடும், தாக்குதல் நடந்த வரிசையோ ஐந்தரை மணி நேரம் பிசகிவிடும்.

சரிபார்க்க விரும்பினால், ஸ்டிக்ஸை வகுக்கும் ஓயேசிஸ் அமைப்பு 2021இல் வெளியிட்ட தரநிலை ஆவணம் இலவசம். அதில் 'டைம்ஸ்டாம்ப்' தரவு வகைக்கான பகுதியைப் படியுங்கள். அப்புறம் +05:30 உள்ள கோப்பு ஒன்றை ஓயேசிஸின் ஸ்டிக்ஸ் வேலிடேட்டர் என்ற சரிபார்ப்புக் கருவியில் ஓட்டிப் பாருங்கள், பிழை காட்டும்.