முருங்கைக்கு அவள் சொன்ன பெயர்

போன தை மாதம் காரைக்காலிலிருந்து ஒரு கார் எங்கள் தெருவுக்குள் வந்தது. இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரியூனியன் தீவிலிருந்து வந்த பெண், முப்பது வயதிருக்கும். கையில் ஒரு பழைய பதிவேட்டுப் பக்கத்தின் நகல். பாட்டனுக்குப் பாட்டனின் பெயர், வயது, கப்பலேறிய துறை காரைக்கால், அப்புறம் ஊர்ப் பெயர். அந்த ஊர்ப் பெயரை ஏதோ ஒரு பிரெஞ்சு எழுத்தர் தன் காதில் விழுந்தபடி எழுதி வைத்திருக்கிறார். அதைப் படித்தால் இந்த வட்டாரத்தில் நாலு ஊரைச் சொல்லலாம். எங்கள் ஊர் அதில் ஒன்று.

தெருவே கூடிவிட்டது. கூடியதும் எல்லோரும் செய்த முதல் காரியம் அந்தப் பெண்ணுக்குப் பரீட்சை வைத்ததுதான். தமிழ் பேசுவியா? எழுதப் படிக்க? வீட்டில் பொட்டு வைப்பீர்களா? மாட்டுக்கறி தின்பீர்களா? கூட வந்த காரைக்கால் பையன் இதையெல்லாம் பிரெஞ்சில் எப்படிக் கேட்பது என்று திணறினான். நானும் சும்மா இருக்கவில்லை. "பேர்ல மட்டும்தான் தமிழ் இருக்கு" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன். அவளுக்குப் புரியாது என்கிற தைரியம்.

அவள் பெயரில் இருந்த தமிழும் அவளுடையது இல்லை. கப்பலேறிப் போன ராமசாமியும் முத்துசாமியும் அங்கே குடும்பப் பெயர்களாகிவிட்டார்கள். முன்னால் ஒரு பிரெஞ்சுப் பெயர், பின்னால் பாட்டனின் பெயர்.

என் அத்தைதான் "வந்த புள்ளைய நிக்க வச்சே கேள்வி கேக்குறிய" என்று எங்களைத் திட்டிவிட்டு, அவளைக் கொல்லைப் பக்கம் கூட்டிப்போனார். அங்கே முருங்கை மரம். அதைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. "முரூங்! ப்ரேத் முரூங்!" என்றாள். அந்தத் தீவில் 'ப்ரேத்' என்றால் கீரை. ப்ரேத் முரூங், முருங்கைக்கீரை. வீட்டில் பாட்டி அடிக்கடி சமைப்பாராம். அது தமிழ்ச் சொல் என்பது அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அத்தை ஒரு கொத்தை ஒடித்து உருவ ஆரம்பிக்க, அவளும் திண்ணையில் உட்கார்ந்து உருவினாள். காம்பு கலக்காமல் உருவினாள் என்பதை அத்தை இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அன்றைக்கு ராத்திரி எனக்கு வெட்கமாக இருந்தது. 1848-இல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். பிரிட்டனும் பிரான்சும் 1860-இல் ஒப்பந்தம் போட்டு, பிரிட்டிஷ் இந்தியாவின் ஆட்களைப் பிரெஞ்சுத் துறைகள் வழியாக ஏற்றிக்கொள்ளலாம் என்றன. காரைக்காலைச் சுற்றிலும் அன்றைய தஞ்சாவூர் ஜில்லா. ஐந்து வருட ஒப்பந்தம் என்று சொல்லி ஏற்றினார்கள். பலர் திரும்பவே இல்லை. அந்த ஆட்கள் போனதற்கு இங்கிருந்த பசியும் ஒரு காரணம். ஊர் சோறு போடாமல் அனுப்பிய ஆளின் பேத்தியிடம் அதே ஊர் 'அ, ஆ சொல்லு' என்று கேட்கிறது.

மொழி போனது உண்மை. வயலில் பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல் பேச்சு, பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு. தமிழ் எங்கே நிற்கும்? ஆனால் நின்றவை எவை என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. ரியூனியனில் தீமிதி உண்டு. யாருக்கு என்றால் 'பாண்டியாலே'வுக்கு. நம் பாஞ்சாலிதான். எங்கள் ஊரிலும் திரௌபதியம்மனுக்குத் தீ மிதிக்கிறோம். அதைவிட, அங்கே இந்துக்களே மரக்கம்பம் நட்டுக் கொடியேற்றி 'நாகூர்மீரா'வைக் கும்பிடுகிறார்கள். நாகூர் ஆண்டவர்! கடலில் போகிறவர்களைக் காப்பவர் என்று இங்கே இந்துக்களும் நேர்ந்துகொள்வதுதானே வழக்கம். கப்பலில் நடுங்கிக்கொண்டே போனவர்கள் யாரைக் கூப்பிட்டிருப்பார்கள் என்று இதைவிடத் தெளிவாக எந்தப் பதிவேடும் சொல்லாது. இங்கே சிலர் தர்காவையும் கோயிலையும் பிரித்துப் பேசக் கற்றுக்கொண்டிருக்கிற காலத்தில், அந்தப் பழைய பழக்கம் அங்கே பத்திரமாக இருக்கிறது. சிங்கப்பூரிலும் தெலுக் ஆயர் தெருவில் ஒரு நாகூர் தர்கா இருக்கிறது, 1830 வாக்கில் கட்டி முடித்தது.

"அப்ப சிங்கப்பூர்க்காரங்க மட்டும் எப்படித் தமிழ் பேசுறாங்க?" என்று ஒரு நண்பர் மடக்கினார். நியாயமான கேள்விதான். அங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, பள்ளியில் பாடம். அதோடு ரஜூலா கப்பல் 1970-கள் வரை நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்தபடி இருந்தது. ஆளும் கடிதாசியும் கைலியும் கோடாலித் தைலமும் வந்துபோன வழியில் மொழியும் வந்துபோனது. ரியூனியன்காரர்களுக்குத் தமிழ் சொல்லித்தரப் பள்ளியும் இல்லை, அப்படிப் போய்வந்தபடி இருக்கக் கப்பலும் இல்லை. இதில் யாருடைய பற்று பெரியது என்று எப்படி அளப்பது?

மலேசியத் தமிழர்கள் "பசியாறியாச்சா?" என்று கேட்பார்கள். கூத்தாநல்லூர், நாகூர் முஸ்லிம் வீடுகளில் இன்றும் காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறுவது என்றுதான் பெயர். என் வீட்டில் 'டிபன்'. கலாச்சாரக் காவலன் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. கும்பகோணத்துச் சௌராஷ்டிரர் வீடுகளில் இன்றும் சௌராஷ்டிரம்தான் பேச்சு. 17-ஆம் நூற்றாண்டில் மராட்டியர் ஆட்சியோடு தஞ்சாவூருக்கு வந்த குடும்பங்களில் இன்னும் மராத்தி பேசுகிறவர்கள் உண்டு. என்னோடு படித்த ஒருவன் பேசும் மராத்தியைக் கேட்டு புனேக்காரர்கள் சிரிக்கிறார்களாம். "அவங்களுக்குத்தான் பழைய வார்த்தை மறந்துபோச்சு" என்பான். அவனும் நம்மூர்ப் பரீட்சை எழுதிய ஆள்தான், வேறு ஊர் வாத்தியாரிடம்.

அந்தப் பெண் எங்கள் ஊர்தானா என்பது கடைசிவரை முடிவாகவில்லை. முருங்கைக் குச்சி ஒன்றைக் கொண்டுபோக ஆசைப்பட்டாள். விமானத்தில் விட மாட்டார்கள் என்று பையன் சொன்னதும் படம் எடுத்துக்கொண்டாள்.

இந்த வருடம் எங்கள் வயலில் நடவு நட்டவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். பம்ப்செட் கொட்டகையில் தங்கி, அவர்களே பொங்கித் தின்கிறார்கள். முதல் வாரம் கடைத்தெருவில் எதையோ கேட்டுக் கேட்டு அலைந்தார்கள், யாருக்கும் புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, கடுகெண்ணெய். இப்போது எங்கள் மளிகைக் கடை அண்ணாச்சி நல்லெண்ணெய்க்குப் பக்கத்தில் ஆறு பாட்டில் அடுக்கி வைத்திருக்கிறார். "வாடைதான் கொஞ்சம் ஒரு மாதிரி" என்கிறார்.