சேஸிஸ் விரிசல் ஒரே வேகத்தில் வளராது
மாதம் ஒரு மில்லிமீட்டர் வளரும் சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) விரிசல் 20 மி.மீ. கூடுவதற்கு 20 மாதம் ஆகும் என்று திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளைப் (ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிகள்) பற்றி ஒருவர் கருத்து சொல்லியிருக்கிறார். அண்ணா, அப்படி இல்லைங்க. விரிசல் நீள நீள வேகமும் கூடும். அதன் முனையில் குவியும் தகைவு (stress), விரிசல் நீளத்தின் வர்க்கமூலத்தோடு ஏறும். விரிசல் வளர்ச்சியைக் கணிக்கும் பாரிஸ் விதிப்படி, எஃகில் வளர்ச்சி வேகம் அந்தத் தகைவு ஏறி இறங்கும் வீச்சின் ஏறக்குறைய மூன்றாம் அடுக்கில் ஏறும். பாரம் மாறாமலே நீளம் இரட்டித்தால் வேகம் சுமார் 2.8 மடங்கு! வர்க்கமூலத்தின் மூன்றாம் அடுக்கு என்றால் 1.5 அடுக்கு; கால்குலேட்டரில் 2-ஐ 1.5 அடுக்குக்கு உயர்த்திப் பாருங்கள். சோதிப்பதற்காக விரிசலோடு வண்டியை ஓட்ட வேண்டாம், ஆட்கள் வேலை செய்யும் வண்டி அது. டை பெனட்ரன்ட் (விரிசலைக் காட்டும் சாயம்) அடித்து அளந்த பழைய குறிப்புகள் பட்டறையில் இருந்தால், ஓட்டமும் பாரமும் ஏறக்குறைய சமமான மாதங்களை எடுத்து ஒப்பிட்டாலே தெரிந்துவிடும்.