கொழுப்பைப் பார்த்தார்கள், தைராய்டைப் பார்க்கவில்லை
தைராய்டு குறைந்தால் எடை கூடும், சோர்வு வரும், இதயத்துக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது என்று நான் படித்த ஒரு கட்டுரையில் இருக்கிறது. அங்கேதான் இடிக்கிறது. ரத்தத்தில் இருக்கும் கெட்ட கொழுப்பான எல்டிஎல்லைக் கல்லீரல் இழுத்துக்கொள்ள தைராய்டு ஹார்மோன் வேண்டும். அது குறைந்தால் எல்டிஎல் ரத்தத்திலேயே தேங்கிவிடும்; அது இதயத்துக்குக் கெடுதல்தானே. என் அம்மா எண்ணெய், தேங்காய் எல்லாவற்றையும் குறைத்தும் எல்டிஎல் 190-க்குக் கீழே இறங்கவில்லை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை கொடுத்தார்கள்; கால் சதையெல்லாம் வலி, மாடிப்படி ஏற முடியவில்லை. எட்டு மாதம் கழித்து வேறொரு டாக்டர்தான் டிஎஸ்எச் (தைராய்டு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் அளவு) பார்க்கச் சொன்னார். 42, மிக அதிகம்! தைராய்டு குறைவைக் கவனிக்காமல் ஸ்டாடின் எடுத்தால் தசைவலி வரும் வாய்ப்பு அதிகம் என்று அப்புறம்தான் தெரிந்தது. தைராய்டு ஹார்மோன் மாத்திரையான தைராக்சின் தொடங்கி நான்கு மாதத்தில் எல்டிஎல் 128. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர், இந்த மாத்திரையைக் கூட்டிப் போட்டால் சீக்கிரம் சரியாகும் என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். அளவு மிஞ்சினால் இதயம் தாறுமாறாகத் துடிக்க ஆரம்பிக்கலாம். வயதானவர்களுக்கு, அதுவும் ஏற்கெனவே இதய நோய் இருந்தால், 25 மைக்ரோகிராமோ அதற்கும் குறைவாகவோ கொடுத்து மெதுவாகத்தான் ஏற்றுவார்கள். அம்மாவுக்கும் அப்படித்தான் ஏற்றினார்கள். மாத்திரை போட்டு அரை மணி நேரமாவது காபிக்குக் காத்திருப்பதுதான் அவருக்கு இப்போது பெரிய தண்டனை.