கார் நிற்கும் இடத்தில் ஒரு பிளக் பாயிண்ட்

மின்சாரக் கார் வாங்கலாமா என்று என்னிடம் விசாரிப்பவர்கள், "வழியில சார்ஜிங் ஸ்டேஷன் நிறைய இருக்கா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் கேட்பது வேறு: "ராத்திரி வண்டியை எங்க நிறுத்துறீங்க?" அந்த இடத்தில் 15 ஆம்ப் பிளக் (ஏசி, கீசருக்குப் போடும் பெரிய பிளக்) ஒன்று இருந்தால் தைரியமாக வாங்குங்கள். இல்லாவிட்டால் முதலில் அதற்கு வழி பாருங்கள், காரை அப்புறம் பார்க்கலாம்.

என் கணக்கு இது. மேடவாக்கத்திலிருந்து கிளம்பி, மகளைப் பள்ளியில் விட்டு, சிறுசேரி போய்த் திரும்ப தினமும் 45 கிலோமீட்டர். என்னுடையது 24 யூனிட் பேட்டரி உள்ள டாடா டியாகோ மின்சாரக் கார். ஏசி போட்டு ஓட்டினாலும் முழு சார்ஜுக்கு 180 கிலோமீட்டர் வருகிறது. ஒரு நாள் ஓட்டத்துக்கு, ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, 7 யூனிட் போதும். காரோடு கொடுத்த சார்ஜரை சாதாரண பவர் பிளக்கில் செருகினால் மூன்று மணி நேரத்தில் அது ஏறிவிடும். நான் தூங்கும் நேரத்தில் பாதிகூட ஆவதில்லை. தெருவில் கரண்ட் போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தாலும் காலையில் வண்டி தயார்.

ஆனால் அந்தப் பிளக்கைப் போட எனக்கு ஏழு மாதம் ஆனது. 2024 ஏப்ரலில் கார் வந்தது, நவம்பரில்தான் பிளக் வந்தது. தடையாக நின்றது எங்கள் ஃபிளாட் அசோசியேஷன். "ஏம்மா, உன் காருக்கு நாங்க ஏன் கரண்ட் பில் கட்டணும்?" என்றார் செயலாளர். "சார், காமன் மீட்டர்ல இல்ல, என் வீட்டு மீட்டர்லேர்ந்துதான் லைன் இழுக்கப் போறேன்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! லோடு தாங்காது என்றார்கள். ஒரு கீசரும் ஓர் ஏசியும் சேர்ந்து இழுப்பதைத்தான் இந்தச் சார்ஜரும் இழுக்கிறது, அதுவும் ஊரே அடங்கிய பிறகு. 24 வீட்டிலும் காலை ஆறு மணிக்கு கீசர் போடும்போது தாங்குகிற கட்டடம் இதைத் தாங்காதா?

தீ பற்றிய பயத்தை மட்டும் நான் தட்டிக்கழிக்கவில்லை. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டுக்குள் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் எரிந்து, அப்பாவும் மகளும் புகையில் மூச்சுத் திணறிச் செத்துப்போனார்கள். அதைப் படித்த எந்த அம்மாவுக்கும் நெஞ்சு பதறும். அதனால்தான் அனுமதி கொடுங்கள் என்று கெஞ்சினேன். மறுத்துவிட்டால் கார் வாங்கியவர் சும்மா இருக்க மாட்டார். இரண்டாவது மாடி பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தொங்கவிடுவார். பக்கத்துத் தெருவில் அப்படித் தொங்கிய ஒயரை, மழையில் நனைந்தபடி, கண்ணால் பார்த்தேன். ஆபத்து அங்கே இருக்கிறது. மீட்டரிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் எம்எம் ஒயர், லோடு மீறினால் தானாக அணைந்துவிடும் எம்சிபி அதற்கென்று ஒன்று, ஷாக் அடிக்காமல் காக்க ஆர்சிசிபி, ஒழுங்கான எர்த். இவ்வளவும் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். எர்த் சரியில்லையென்றால் சார்ஜரே சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். எங்கள் பழைய கட்டடத்தில் அதுதான் நடந்தது, புதிதாக எர்த் குழி போட்டோம். மிக்ஜாம் புயலில் பார்க்கிங்குக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதால் பிளக்கை நெஞ்சு உயரத்தில் வைக்கச் சொன்னேன். தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் இதை மறக்க வேண்டாம்.

இன்னொரு சிக்கல் பில். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்டுக்கு மேல் காருக்கே போகிறது. வீட்டுச் செலவோடு சேர்ந்து 500-ஐத் தாண்டினால் ஸ்லாப் (கட்டணப் படி) ஏறி, யூனிட் விலையும் ஏறிவிடும். அப்படியும் பெட்ரோலுக்கு ஒரு நாளைக்கு 300 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில் இப்போது 70 ரூபாயைத் தாண்டவில்லை. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி மின்வாகனம் சார்ஜ் செய்யத் தனி இணைப்பே கேட்டு வாங்கலாம். அந்த விதியைக் காட்டிய பிறகுதான் அசோசியேஷன் இறங்கி வந்தது.

அந்த ஏழு மாதமும் பொது சார்ஜரை நம்பி ஓட்டினேன். யூனிட் 20 ரூபாய்க்கு மேல், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஓர் ஆப், ஒவ்வொன்றிலும் முன்பணம். போய்ச் சேர்ந்தால் மெஷின் ஓடாது, இல்லையென்றால் அந்த இடத்தில் பெட்ரோல் கார் நிற்கும். திருச்சி போகும்போது விழுப்புரம் பக்கம் ஒரு மணி நேரம் நின்று டீ குடித்துவிட்டுப் போவது எனக்குக் கஷ்டமே இல்லை. அதை வாரம் மூன்று நாள், ஆபீஸ் முடிந்து, பிள்ளையை வைத்துக்கொண்டு செய்ய முடியாது. ரோட்டோரம் கார் நிறுத்துகிறவர்களை இன்றைய நிலையில் வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

எங்கள் கட்டடத்தில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கும் தம்பி, "அக்கா, வீட்டு ஓனர் ஒயர் இழுக்க விட மாட்டேங்கிறார்" என்று போன வாரம் வந்து நின்றான். ஓனர்களே, செலவு வாடகைக்கு இருப்பவருடையது. அவர் காலி செய்து போனாலும் பிளக் உங்கள் வீட்டோடுதான் இருக்கும். தயவுசெய்து சம்மதியுங்கள்.

அசோசியேஷனுக்கு நான் எழுதிக் கொடுத்த கடிதமும், எலெக்ட்ரீஷியன் போட்டுக் கொடுத்த ஒயரிங் படமும் பத்திரமாக இருக்கின்றன. வேண்டுமென்றால் இன்பாக்ஸில் கேளுங்கள், அனுப்புகிறேன்.