புரோக்கரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்

வீடு வாங்கப் போகிறேன் என்று சொன்னதும் எல்லோரும் தரும் அறிவுரை, "புரோக்கரை நம்பாதே, கமிஷனுக்காக விலையை ஏத்தி விட்டுடுவான்" என்பதுதான். நானும் பல வருடம் அப்படியே நினைத்திருந்தேன். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் வேறு என்று தெரிந்தது.

வீட்டின் விலை 100, கமிஷன் 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். விலை 105 ஆனால் உங்கள் கையிலிருந்து 5 கூடுதலாகப் போகிறது. புரோக்கருக்கோ 2 கிடைக்க வேண்டிய இடத்தில் 2.10 கிடைக்கிறது, அவ்வளவுதான். அந்த 0.10-க்காக யாராவது இரண்டு வாரம் மல்லுக்கட்டுவார்களா? ஆனால் பேரம் முறிந்தால் மொத்தமும் போச்சு. அதனால் விலை ஏறுகிறதா இறங்குகிறதா என்பது அவருக்குப் பெரிய கவலையே இல்லை, முடிய வேண்டும், சீக்கிரம் முடிய வேண்டும். "நாளைக்கு இன்னொரு பார்ட்டி வராங்க சார், இன்னைக்கே அட்வான்ஸ் போட்டுடுங்க" என்பது அங்கிருந்து வருகிற பேச்சு.

இதற்கு ஆதாரமும் இருக்கிறது. ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் சிகாகோ வட்டாரத்தில் விற்பனையான சுமார் 1,00,000 வீடுகளை ஆராய்ந்து 2008-ல் வெளியிட்ட கட்டுரையில், ஏஜென்டுகள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது மட்டும் சுமார் 9.5 நாள் கூடுதலாகக் காத்திருந்து, வாடிக்கையாளரின் அதே மாதிரி வீட்டைவிட 3.7 சதவீதம் அதிக விலைக்கு விற்றதைக் காட்டினார்கள். மற்றவர் வீடு என்றால் வந்த விலைக்கு முடித்துவிடச் சொல்வது, தன் வீடு என்றால் பொறுத்திருப்பது. இதற்காக அவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கூலியை அப்படி அமைத்தால் வேலையும் அப்படித்தான் நடக்கும்.

என் கதைக்கு வருகிறேன். முதல் முறை வீடு தேடியபோது எங்களோடு அலைந்தவர் நன்றாகப் பேசுவார், கூப்பிட்ட நேரத்துக்கு வருவார், என் அம்மாவைக் கையைப் பிடித்து மாடிப்படி ஏற்றிவிடுவார். "கடைசியா எவ்வளவு வரைக்கும் போவீங்க, மனசுல இருக்கிறதச் சொல்லுங்க" என்று கேட்டார். நம் ஆள்தானே என்று சொல்லிவிட்டேன். பேச்சுவார்த்தை மூன்று சுற்று நடந்து, நான் சொன்ன அதே எண்ணில் வந்து நின்றது, ஒரு ரூபாய்கூட அதற்குக் கீழே இறங்கவில்லை. பத்திரப் பதிவு அன்றைக்குத்தான், விற்றவர் அவருக்கு ஒரு கவர் கொடுத்ததைப் பார்த்தேன். என்னிடமும் வாங்கினார், அவரிடமும் வாங்கினார். இரண்டு பக்கமும் வாங்குவது எல்லா இடத்திலும் குற்றம் இல்லை, தெரியும். ஆனால் அது முன்னாலேயே தெரிந்திருந்தால் அந்த எண்ணை நான் வாயைத் திறந்து சொல்லியிருப்பேனா?

யார் யாருக்குக் காசு தருகிறார்கள் என்ற இந்தக் கேள்விதான் அமெரிக்காவில் நீதிமன்றம் வரை போனது. அங்கே காலங்காலமாக விற்பவர் மொத்தக் கமிஷனையும், பெரும்பாலும் 5, 6 சதவீதம், கொடுப்பார், அதில் வாங்குபவரின் ஏஜென்டுக்கும் பங்கு போகும். வாங்குபவர்களோ நமக்கு இலவசம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள், அந்தப் பணமும் வீட்டு விலைக்குள்ளேதானே இருக்கிறது! வழக்குகளின் முடிவில் அந்நாட்டு வீட்டுத் தரகர்களின் அமைப்பான தேசிய ரியல்டர்கள் சங்கம் 2024 மார்ச்சில் 41.8 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 17 முதல், அச்சங்கத்தின் விதிகளுக்கு உட்பட்ட ஏஜென்ட், வாங்குபவருக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுவதற்கு முன்பே தன் கூலி எவ்வளவு என்று எழுத்தில் ஒப்பந்தம் போட்டாக வேண்டும். ஜெர்மனியிலும் 2020 டிசம்பர் முதல், விற்பவர் அமர்த்திய தரகரின் கூலியில் பாதிக்கு மேல் வீடு வாங்குபவர் தலையில் கட்ட முடியாது.

சரி, மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். முடிந்த ஒரு வீட்டின் கமிஷனுக்குள் முடியாமல் போன எத்தனையோ வீடுகளின் பெட்ரோலும் வெயிலும் போன் அழைப்புகளும் அடங்கியிருக்கின்றன, அதற்கெல்லாம் யாரும் தனியாகக் கூலி கொடுப்பதில்லை. வீட்டைப் பார்த்துவிட்டு, மறுநாள் புரோக்கருக்குத் தெரியாமல் உரிமையாளரிடம் நேரே போய்ப் பேசி முடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், அது திருட்டுதான், எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

இரண்டாவது முறை எனக்குக் கிடைத்தவர் வேறு மாதிரி. எங்களுக்குப் பிடித்துப்போன ஒரு வீட்டில், எல்லோரும் ஹாலில் உட்கார்ந்து விலை பேச ஆரம்பித்த நேரத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "படிக்கட்டுக்குக் கீழ இருக்கிற சுவரை மட்டும் தொட்டுப் பாருங்க" என்றார். புதுப் பெயிண்டுக்கு அடியில் சுவர் ஈரமாகக் குளிர்ந்தது. அன்றைக்குக் கைக்கு வர வேண்டிய கமிஷனை அவரே விட்டுவிட்டார். அப்புறம் நான்கு மாதம் கழித்து அவர் மூலமாகவே வேறு வீடு வாங்கினேன், கூலியில் பேரம் பேசவில்லை.

என்னைக் கேட்டால், சதவீதத்தை விட்டுவிட்டு ஒரு நிலையான தொகை பேசிக்கொள்வது இரண்டு பேருக்கும் நல்லது. வாங்காமல் போனாலும் அலைந்த நாளுக்கு ஏதாவது கொடுத்துவிட வேண்டும். அப்போதுதான் "இந்த வீடு வேண்டாம்" என்று அவரால் தைரியமாகச் சொல்ல முடியும்.

என் தம்பி மகள் இப்போது வீடு தேடுகிறாள். மூன்று பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டாளாம், "அண்ணா, இதுல உங்களுக்கு யார் யார் எவ்வளவு தராங்க?" ஒருவர் சிரித்து மழுப்பினார். ஒருவர் அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் என்றார். மூன்றாவது ஆள், "ஓனர்கிட்ட ஒரு சதவீதம், உங்ககிட்ட ஒரு சதவீதம், வேணும்னா எழுதியே தரேன்மா" என்று சொன்னாராம். ஞாயிற்றுக்கிழமை அவரோடுதான் போகிறாள், பட்ஜெட் எவ்வளவு என்பதை மட்டும் சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.